காவற் குன்றும் கோயில் மலையும்

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்து புறப்பட்ட அரைமணி நேரத்திற்குள் ஒரு மொட்டைப் பாறைக் குன்று தென்படும். அதன் உச்சியில் சிறு கல்மண்டபம் ஒன்று வானத்தில் கோடு கிழித்தாற்போல் நிற்கும். நம்மவரில் பெரும்பாலோர் அதனைப் பார்ப்பதில்லை. ஏழுமலையானைக் கண்டு திரும்பும் களைப்பில், முடியிறக்கிய தலையில் பூசிய சந்தனம் காய, மடியில் லட்டுப் பொட்டலத்தோடு கண்ணயர்ந்திருப்பர். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே அந்தக் குன்றைக் கடந்து போனவர்கள்தாம். ஒரு முறை பேருந்து வழியில் பழுதுபட்டு நின்றபோதுதான் இறங்கி நிமிர்ந்து பார்த்தோம். அக்குன்றே சந்திரகிரி. விசயநகரப் பேரரசின் கடைசித் தலைநகரங்களுள் ஒன்று.

சந்திரகிரியும் திருமலையும் ஒரே மலைத்தொடரை ஒட்டியவை. திருமலை கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் முகிலோடு உறவாடுவது. சந்திரகிரிக் குன்றோ தரையிலிருந்து 180 மீட்டர் அளவே எழுந்து நிற்பது. ஒன்றில் ஏறினால் இறைவனைக் காணலாம். மற்றொன்றில் ஏறினால் பொன்முகலியாற்றின் கரையில் யார் வருகிறார்கள் என்று காணலாம். சுவர்ணமுகி என்று இன்று வழங்கும் ஆற்றைத்தான் நம் முன்னோர் பொன்முகலி என்றனர். காளத்தியப்பன் கோயிலைத் தழுவிச் செல்வதும் அந்த ஆறே.

காவலும் வழிபாடும் இவ்வாறு குன்றுகளில் கூடுவது உலகெங்கும் உண்டு. உயரமான இடத்தைத் தெய்வமும் விரும்புகிறது, படைத்தலைவனும் விரும்புகிறான். சென்னையின் பரங்கிமலையை எண்ணிப் பாருங்கள். போர்த்துகீசியர் 1523-இல் அங்குக் கோயில் எழுப்பினர். தோமையாரின் பெயரால் அடியார்கள் திரளாக ஏறும் அக்குன்று கடலோடிகளுக்குக் கரை காட்டும் அடையாளமாகவும் இருந்தது. 1802-இல் லாம்டன் இந்திய நிலப்பரப்பை அளக்கத் தொடங்கியபோது, அவர் முதல் அடிக்கோட்டை அளந்ததும் அம்மலையின் அருகிலேதான். திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாரும் பீரங்கியும் ஒரே பாறையைப் பங்கிட்டுக்கொண்ட கதையை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வேங்கடத்தில் அந்த இரண்டு பணியும் இரண்டு குன்றுகளாகப் பிரிந்து நின்றன. கோயில் மலை மேலே. காவற் குன்று கீழே. இரண்டிற்கும் நேர்ந்த கதி வேறு வேறானது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

வேங்கடம் என்ற பெயர் நமக்குக் கோயிலாக அறிமுகமாவதற்கு முன்பே எல்லையாக அறிமுகமாயிற்று. தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடக்கே வேங்கடமும் தெற்கே குமரியும் எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் வகுக்கிறது. சங்கப் பாடல்களில் வேங்கடம் யானைகள் திரியும் காட்டுமலை. கள்வர் கோமான் புல்லி என்பவனுக்கு உரியது. அகநானூற்றுப் பாலைப் பாடல்களில், சிறப்பாக மாமூலனார் பாடியவற்றில், தலைவன் பொருள் தேடி அம்மலையைக் கடந்து மொழி வேறாகும் நாட்டிற்குச் செல்கிறான். தலைவி வீட்டில் நாள் எண்ணுகிறாள். ஊர்விட்டு ஊர் வந்து, வேற்று மொழி வழங்கும் தெருவில் வாடகை வீடு பிடித்துக் குடித்தனம் நடத்தும் நம் போன்றோர்க்கு இப்பாடல்களை விளக்க உரையாசிரியர் தேவையில்லை. பொருள்வயிற் பிரிவு நம் வீட்டுக் கதை. ஒரே வேறுபாடு, தலைவியும் பிள்ளைகளும் இப்போது உடன் வந்துவிட்டனர்.

எல்லைமலை பின்னர்த் திருமலையாயிற்று. சிலப்பதிகாரம் வேங்கடத்து நெடியோனைக் கூறுகிறது. முதலாழ்வார்கள் தொடங்கி ஆழ்வார்கள் பலர் அம்மலையைப் பாடினர். பல்லவரும் சோழரும் ஆண்ட நாளில் அது தொண்டை மண்டலத்துத் திருவேங்கடக் கோட்டம். ஒன்பதாம் நூற்றாண்டில், தந்திவர்ம பல்லவன் காலத்தில், சோழ நாட்டிலிருந்து வந்த உலகப்பெருமானார் என்பவர் இன்று திருச்சானூர் எனப்படும் ஊரில் வேங்கடத்து இறைவனுக்கு விளக்கெரிக்கக் கொடை அளித்தார். கல்வெட்டில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கொடையாளருள் ஒருவர், வெளியூர்க்காரர். இதனை நாம் சற்றுப் பெருமையோடு குறித்துக்கொள்வதில் தவறில்லை.

இனிக் காவற் குன்றின் கதைக்கு வருவோம்.

சந்திரகிரிக் கோட்டையை யாதவராயர்கள் தொடங்கி வைத்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. அது பேரரசின் வரலாற்றில் ஒளி பெற்றது சாளுவ நரசிம்மன் காலத்தில்தான். சந்திரகிரியை இருக்கையாகக் கொண்டு ஆட்சி செலுத்திய அவன் 1485-இல் விசயநகர அரியணையையே கைப்பற்றினான். கிருட்டிணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்து பொன்னும் மணியும் குவித்தார். அவரும் தேவியர் சின்னாதேவி, திருமலாதேவி இருவரும் கைகூப்பி நிற்கும் செப்புப் படிமங்களைக் கோயிலில் இன்றும் காணலாம். ஆனால் அதே காலத்தில் அவருடைய தம்பி அச்சுதராயர் சந்திரகிரிக் கோட்டைக்குள் காவலில் இருந்தார் என்பதை எத்தனை பேர் நினைக்கின்றனர்? மேலே அண்ணன் கும்பிடுகிறார். கீழே தம்பி சிறையிருக்கிறார். 1529-இல் அண்ணன் மறைந்தபின் அந்தச் சிறையிலிருந்தே தம்பி அரசராக வெளிவந்தார். கோட்டை என்பது வெளியே பார்ப்பதற்கு மட்டும் கட்டப்படுவதன்று. உள்ளே இருப்பவனைப் பார்த்துக்கொள்வதற்கும்தான்.

1565-இல் தலைக்கோட்டைப் போர். அம்பி நகரம் பாழாயிற்று. அரசு பெனுகொண்டாவுக்கு ஓடிற்று. அங்கிருந்து பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சந்திரகிரிக்கு வந்தது. பின்னர் வேலூருக்குச் சென்றது. ஒரு பேரரசு தெற்கு நோக்கிக் குடிபெயர்ந்த வரலாறு இது. 1586 முதல் 1614 வரை ஆண்ட வேங்கடபதிராயர், பெயரிலேயே மலையைச் சுமந்தவர், இக்குன்றின் அடியில் அரசவை நடத்தினார். அங்கே நாம் இன்று காணும் மூன்றடுக்கு இராசமகால் கல்லாலும் செங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் ஆனது. மரத்தை நம்பாமல் எழுப்பிய கட்டடம். வளைவுகளைப் பார்த்தால் சுல்தான்களின் கைவண்ணம். மேலே கோபுர முடிகளைப் பார்த்தால் நம் கோயிற்சிற்பியின் கைவண்ணம். பகைவரிடம் தோற்ற பின்னும் அவர்களுடைய கட்டடக் கலையை வெறுக்காத மனம் அதில் தெரிகிறது. அருகே சற்றுச் சிறியதாக இராணிமகால். கோட்டைக்குள் சைவ வைணவக் கோயில்கள் சிதைந்து கிடக்கின்றன. இராசமகாலில் இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது.

இந்த அரசவைக்கு ஒரு விந்தையான விருந்தினர் கூட்டம் வந்தது. 1598-ஐ ஒட்டி, மயிலாப்பூர்ச் சாந்தோமிலிருந்து இயேசு சபைத் துறவிகள் சந்திரகிரி வந்து வேங்கடபதிராயரைக் கண்டனர். வேங்கடவன் அடியாராகிய அம்மன்னர் அவர்களை மதிப்போடு வரவேற்றுத் தம் நகரிலே அவர்கள் கோயில் எழுப்பவும் இசைவு தந்தார். துறவிகளுள் ஓவியம் வல்லார் அரசருக்குப் படங்கள் வரைந்து காட்டினர். அரசர் அவற்றில் பெரிதும் ஈடுபட்டார். அரசவை வேலூருக்குச் சென்றபின் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பணி நின்றுபோயிற்று. ஏழுமலையானின் அடிவாரத்தில், அவனுக்கு முடிமுதல் அடியாராக விளங்கிய அரசரின் நிழலிலே, மரியன்னைக்கும் ஓரிடம் இருந்தது என்ற செய்தி நம் பாடநூல்களில் ஏன் இடம்பெறவில்லை என்பது நமக்கு விளங்கவில்லை.

குன்றுச்சி மண்டபத்தைப் பற்றி ஊரார் இரண்டு கதை சொல்கின்றனர். குற்றவாளிகளைத் தூக்கிலிட்ட இடம் என்பது ஒன்று. மற்றது நமக்கு உவப்பானது. திருமலையில் இறைவனுக்கு அமுது படைத்ததும் கோயில் மணி ஒலிக்கும். அதனைக் கேட்டு அடுத்த குன்றின் மணி ஒலிக்கும். இப்படி மண்டபம் மண்டபமாக ஒலி இறங்கிச் சந்திரகிரியை அடைந்த பிறகே அரசர் இலையில் கை வைப்பாராம். கேட்டதும் நம்மவர்க்கு வேறொரு கதை நினைவுக்கு வரும். திருச்செந்தூர் முருகனுக்கு வழிபாடு முடிந்த மணியோசை மண்டபங்கள் வழியே பாஞ்சாலங்குறிச்சி வந்து சேர்ந்த பின்பே கட்டபொம்மன் உணவு கொள்வான் என்பதுதானே அது! தெற்கே கட்டபொம்மன், வடக்கே சந்திரகிரி அரசர். கட்டபொம்மனின் முன்னோர் தெலுங்கு நாட்டினின்று வந்தவர் என்பதை நினைத்தால், இக்கதையும் அவர்களோடு குடிபெயர்ந்து வந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. மனிதர் ஊர் மாறும்போது பாத்திரம் பண்டத்தோடு கதைகளையும் எடுத்துச் செல்கின்றனர். நாமும் அப்படித்தானே வந்தோம்.

சென்னைப் பட்டினத்தின் பிறப்பும் இந்தக் குன்றோடு தொடர்புடையது. 1639-இல் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிசு டேக்குக் கடற்கரையில் ஒரு மணல்துண்டை வழங்கினார். 1645-இல் மன்னர் மூன்றாம் சீரங்கராயரின் சாசனம் அதனை உறுதி செய்தது. இராசமகாலுக்குச் செல்வோரிடம், அச்சாசனம் இம்மண்டபத்திலேதான் எழுதப்பட்டது என்று வழிகாட்டிகள் தரையைச் சுட்டிக் காட்டுவர். அது ஊர் வழக்கு. அதனை அந்த அளவிலே கொள்வோம். எந்தக் கூடத்தில் மை காய்ந்தது என்பதைவிட, ஆண்டைப் பாருங்கள். சாசனம் கொடுத்த மறு ஆண்டே, 1646-இல், சந்திரகிரி கோல்கொண்டாவின் கைக்குப் போயிற்று. கொடுத்தவன் கோட்டை போயிற்று. வாங்கியவன் மணற்றிடல் மாநகரமாயிற்று. அடுத்த நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபு. 1782-இல் ஐதர் அலி. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை மைசூர். அதன்பின் இக்குன்றின் மீது ஏறி எதிரியைப் பார்க்க எவருக்கும் வேலை இல்லாமற் போயிற்று.

கோயில் மலையின் கதி அஃதன்று. அரசுகள் மாறின, உண்டியல் மாறவில்லை. கம்பெனியார் 1801-இல் கோயில் நிருவாகத்தையும் எடுத்துக்கொண்டு வருவாயைக் கணக்கெழுதினர். 1843-இல் அதனை ஆதிராம்சி மடத்து மகந்துகளிடம் ஒப்படைத்தனர். 1933-இல் தேவத்தான அமைப்பு வந்தது. இவ்வளவுக்கும் இடையே அடியவர் வரிசை தொடர்ந்தது. சந்திரகிரிக்கு அருகே சீனிவாச மங்காபுரத்தை அடுத்துத் தொடங்கும் 2,388 படிகள் கொண்ட பழைய மலைப்பாதையில் அரசர்கள் ஏறினர் என்பர். இன்று ஏறுவோர் அலுவலகத்தில் விடுப்பு எடுத்து வந்தவர்கள்.

அந்த மலையின் சுவர்களில் இருப்பவற்றைத்தான் நாம் இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். திருமலை, கீழ்த் திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் கண்ட கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. சாது சுப்பிரமணிய சாத்திரியார் முதலிய அறிஞர் படித்துப் பதிப்பிக்க, தேவத்தானம் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழ். தெலுங்கும் கன்னடமும் பேசிய மன்னர்களின் காலத்திலும், கொடை ஆவணம் என்று வந்தபோது கோயில் கணக்கர் தமிழிலேயே எழுதினர். கிருட்டிணதேவராயரின் கொடைகள் சில தமிழ், தெலுங்கு, கன்னடம் என மும்மொழியிலும் பொறிக்கப்பட்டன.

அவற்றுள் ஒன்று சாமவை என்னும் பல்லவ அரசமாதேவியின் கொடை. 966-ஆம் ஆண்டினது என்பது இன்று பெரும்பாலோர் கொள்ளும் கருத்து. மூலவரைப் போலவே வெள்ளியில் ஒரு திருவுருவம் செய்வித்து, பொன்னணிகளும் நிலமும் அளித்து, நாள்வழிபாட்டிற்கும் புரட்டாசித் திருவிழாவிற்கும் வகை செய்தாள் அப்பெருமாட்டி. போக சீனிவாசர் எனப்படும் அந்த வெள்ளித் திருமேனிக்குத்தான் இன்றும் இரவில் பள்ளியறைத் தாலாட்டு நடைபெறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு பெண் செய்த ஏற்பாடு நிறைவேறுகிறது. சந்திரகிரியில் அரசர்கள் செய்த எந்த ஏற்பாடு இப்படி நிற்கிறது?

இன்னொரு செய்தி நம் நெஞ்சைத் தொட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், வீரநரசிங்கதேவ யாதவராயர் ஆட்சியில், திருப்புல்லாணி தாசர் என்னும் அடியார் கோயிலைப் புதுப்பிக்க இசைவு பெற்றார். பழஞ்சுவரைப் பிரித்தால் அதிலுள்ள எழுத்துகள் அழியுமே! ஆகவே பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மீண்டும் பொறித்து வைத்தனர். சாமவையின் கொடை நமக்குத் தெரிய வந்தது அந்தக் கவலையினால்தான். திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின் மீது சுண்ணாம்பு பூசியும் மணல்வீச்சால் தேய்த்தும் வரும் நம் காலத்துத் திருப்பணியாளர் சிலர் அந்த அடியாரிடம் பாடம் கேட்டிருக்கலாம்.

தமிழ் மட்டுமே அம்மலைக்கு உரியது என்று நாம் வாதாட வரவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் தெலுங்கில் பாடிக் குவித்த கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, கோயிலுக்குள்ளேயே ஒரு கல்லறையில் பாதுகாக்கப்பட்டன. வேங்கடவன் இரு மொழியையும் கேட்டவன். மார்கழியில் சுப்ரபாதத்தை நிறுத்திவிட்டுத் திருப்பாவையைக் கேட்கிறான். பெருவிழாக் கருட சேவைக்குச் சீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை வருகிறது. சென்னையிலிருந்து திருப்பதிக் குடை ஊர்வலமாகப் புறப்படுகிறது. நம்மவரும் பதிலுக்கு ஒரு தெலுங்குச் சொல்லைக் கற்றுக்கொண்டனர். சன்னதியில் ஒரு நொடி நின்றால் காதில் விழும் ‘ஜருகண்டி’ என்பதே அது.

இரு மொழியும் கலந்து வாழ்ந்த இந்த நிலத்தில் கோடு கிழிக்க வேண்டிய நாளும் வந்தது. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. எல்லாம் சென்னை மாகாணத்திற்குள்ளேயே இருந்தமையால் எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது மாவட்டம் முழுவதும் அங்கே சேர்ந்தது. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்ற வடவெல்லைப் போராட்டம் நாடறிந்தது. படாசுகர் பரிந்துரையின் வழியே 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டமும் சில பகுதிகளும் தமிழகத்திற்கு வந்தன. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரம் சென்றன. தணிகை மலை கிடைத்தது. வேங்கட மலை கிடைக்கவில்லை. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். சந்திரகிரியும் அதனுள் அடங்கும்.

நாம் இவ்வூர்களுக்குப் பிழைப்பு நாடி வந்தவர்கள். ஆனால் சித்தூரிலும் புத்தூரிலும் நகரியிலும் ஓரடியும் நகராமலே வேற்று மாநிலத்தார் ஆன தமிழ்க் குடும்பங்கள் பல. எல்லைதான் அவர்களைத் தாண்டிச் சென்றது. அவர்கள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். கடிதமும் கணக்கும் தெலுங்கில் எழுதுகின்றனர். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் காதுக்கு மட்டும் உரிய மொழி, கண்ணுக்கு அன்று. நம் பிள்ளைகளும் அந்த வழியிலே அடியெடுத்து வைத்திருக்கின்றனர் என்பதை ஒவ்வொரு பள்ளித் திறப்பிலும் பார்க்கிறோம்.

சென்ற மார்கழியில் நம் குடும்பங்கள் சில சேர்ந்து சந்திரகிரிக் கோட்டையைப் பார்த்துவிட்டுக் கீழ்த் திருப்பதிக் கோவிந்தராசர் கோயிலுக்குச் சென்றோம். திருமலையில் நின்று படிக்க இயலாது. இங்கே சற்று நிற்கலாம். சுவரில் எழுத்து வரிவரியாக ஓடிற்று. இது தமிழ் என்று பிள்ளைகளிடம் பெருமிதத்தோடு சொன்னோம். படியுங்கள் என்றாள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. முன்வந்து படிக்கத் தொடங்கினோம். புள்ளியில்லா எழுத்து, இடையிடையே கிரந்தம், ககரமும் சகரமும் நாம் அறிந்த உருவில் இல்லை. ‘திரு’ என்று ஒரு சொல்லைப் பிடித்தோம். அடுத்த வரியில் ‘வேங்கட’ வரை வந்து நின்றுவிட்டோம். பெரியவர்கள் நால்வர் கூடியும் அதற்குமேல் நகரவில்லை. அச்சிறுமி சுவரில் விரல் வைத்து, நாம் படித்த இடத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டே சென்று, வெகுதூரம் போய், ‘இதோ இன்னொரு திரு’ என்றாள்.